பழுது வேறு, குறை வேறு

2020 மே 20 இரவு கொல்கத்தாவை ஆம்பன் புயல் புரட்டிப் போட்டது. மறுநாள் காலை எங்கள் தெருவை அடைத்துக்கொண்டு ஒரு குல்மோகர் மரம் கிடந்தது. மின்சாரம் இல்லை. ஆம்புலன்ஸ் வர வழியில்லை. நகரெங்கும் ஆயிரக்கணக்கான மரங்கள் சாய்ந்திருந்தன. ஒடிசாவிலிருந்துகூட மீட்புக் குழுக்கள் வந்தன. எங்கள் முறை வருவதற்குள் நான்கு நாள் ஓடிவிட்டது. தெருவுக்கென்று ஒரு இயந்திர ரம்பம் இருந்தால் என்ன என்ற ஆசை அப்போது முளைத்தது.

புதியதின் விலை மிரட்டியது. பழைய மோட்டார் உதிரி பாகங்களின் சமுத்திரமான மல்லிக் பஜாரில் 2023 குளிர்காலத்தில் ஒரு கிழட்டு ரம்பம் கண்ணில் பட்டது. விலை 2,500 ரூபாய். ஓடாது என்ற உத்தரவாதத்தோடு கொடுத்தார்கள்.

பக்கத்துச் சந்தில் டூ ஸ்ட்ரோக் ஸ்கூட்டர்களோடு தலை நரைத்த மெக்கானிக் ஒருவர் இருக்கிறார். எல்லோருக்கும் அவர் சாச்சா. "வாங்குவதற்கு முன்பல்லவா கூப்பிட்டிருக்க வேண்டும்?" என்று கடிந்துகொண்டே ஸ்டார்ட்டர் கயிற்றை மெதுவாக இழுத்தார். கயிறு முரண்டு பிடித்தது. என்ஜினில் அழுத்தம் இருக்கிறது என்று அதற்கு அர்த்தம். அடுத்து சைலன்ஸரைக் கழற்றி, துவாரத்தில் டார்ச் அடித்து பிஸ்டனைப் பார்த்தார். கீறல் விழுந்திருந்தால் காயலான் கடைக்குத்தான். விழவில்லை.

கோளாறு கார்புரேட்டரில். ஸ்கூட்டர் கார்புரேட்டரில் மிதவை உண்டு. அது நிமிர்ந்து நின்றால்தான் வேலை செய்யும். ரம்பத்தையோ சாய்த்தும் படுக்கவைத்தும் பிடிக்க வேண்டியிருக்கும் என்பதால், மிதவைக்குப் பதில் மெல்லிய ஜவ்வு ஒன்று பெட்ரோலை அளந்துவிடுகிறது. அந்த ஜவ்வு விறைத்துப்போயிருந்தது. பெட்ரோல் குழாய் தொட்டாலே நொறுங்கியது. வயதும் ஒரு காரணம். இப்போது பெட்ரோலில் 20 சதவீதம் வரை கலக்கும் எத்தனாலும் பழைய ரப்பருக்கு ஆகாது.

ஜவ்வு, குழாய், ஸ்பார்க் பிளக் எல்லாம் சேர்த்து 600 ரூபாய். கூலி 400. சங்கிலியின் பற்களை உருண்டை அரத்தால் ஒவ்வொன்றாகத் தீட்டினார். லிட்டருக்கு 40 மில்லி ஆயில் கலந்து ஊற்றிக் கயிற்றை இழுத்தார். மூன்றாவது இழுப்பில் ரம்பம் உறுமியது. நான் துள்ளாத குறைதான்.

சாச்சா முகத்தில் சிரிப்பில்லை. என்ஜினை நிறுத்திவிட்டு, முன் கைப்பிடிக்கு முன்னால் வெறும் காற்றைச் சுட்டினார். அங்கே இருக்க வேண்டிய பிரேக் இல்லை.

ரம்பத்துப் பட்டையின் நுனியில் மேல்பாகம் மரத்தில் இடித்தால், ரம்பம் கண்ணிமைக்கும் நேரத்தில் எகிறி, பிடித்திருப்பவரின் முகத்தை நோக்கிப் பாயும். அப்போது முன்னால் உள்ள தடுப்பு மணிக்கட்டில் பட்டு, சங்கிலி சட்டென்று நின்றுவிடும். இந்த ஏற்பாடு 1970களின் தொடக்கத்தில்தான் வந்தது. என்னுடையது அதற்கும் மூத்தது.

"கெட்டதைச் சரி பண்ணலாம். இல்லாததை எங்கிருந்து கொண்டுவருவேன்?" என்றார் சாச்சா.

தமிழில் முதுகலைப் பட்டம் வாங்கியும் உறைக்காத வித்தியாசம் அந்த மெக்கானிக் கடையில் உறைத்தது. பழுது என்பது இருந்து கெட்டது. குறை என்பது முதலிலேயே இல்லாதது. பழைய பொருளை மலிவாக வாங்கும் நாம் பழுதைத்தான் துருவித் துருவிப் பார்க்கிறோம். குறையை யாரும் விசாரிப்பதில்லை.

2024 மே 26 இரவு ரீமால் புயல் வந்தது. காலையில் முறிந்த கிளை ஒன்று மறுபடியும் தெருவை மறித்தது. பையன்கள் கதவைத் தட்டினார்கள். "தாதா, மிஷினைக் கொடுங்கள்." அவர்களில் ஒருவரும் அதைத் தொட்டதில்லை. காலில் ரப்பர் செருப்பு. தர மறுத்தேன்.

"அப்புறம் எதற்கு வாங்கினீர்கள்?" என்றான் ஒருவன். நியாயமான கேள்வி. பதிலுக்குக் கைரம்பத்தை எடுத்துக்கொண்டு நானும் இறங்கினேன். இரண்டு மணி நேரம் ஆயிற்று. உள்ளங்கை கொப்பளித்தது. வழி திறந்தபோது எல்லோருக்கும் பத்து விரல்களும் பத்திரமாக இருந்தன.

பெட்ரோலை வடித்துவிட்டு ரம்பத்தைப் பரணில் போட்டிருக்கிறேன். விற்றுவிடலாம் என்கிறாள் மனைவி. விற்கலாம்தான். வாங்க வருகிறவர் "ஓடுமா?" என்று மட்டுமே கேட்பார். கேட்காததையும் நான் சொல்ல வேண்டுமே.