நாய்க்குட்டியும் நல்வழக்கமும்



எனக்கு நன்கு அறிமுகமான குடும்பம் ஒன்றில் அண்மையில் நிகழ்ந்தது இது. பத்து வயதுச் சிறுமி பல நாள் கெஞ்சியதன் பேரில், அவளுடைய தந்தை இரண்டு மாத நாய்க்குட்டி ஒன்றை வாங்கி வந்தார். முதல் வாரம் வீடே திருவிழாக் கோலம் பூண்டது. இரண்டாம் வாரம் முணுமுணுப்புத் தொடங்கியது. பாய், கால்மிதி, பாட்டியின் கட்டிலடி என்று கண்ட இடமெல்லாம் குட்டி அசுத்தம் செய்தது. மூன்றாம் வாரம் தந்தை செய்தித்தாளைச் சுருட்டி அதனை அடித்தார். அதன் மூக்கை ஈரத்தில் வைத்துத் தேய்த்தார். நான் அவ்வீட்டிற்குச் சென்ற மாலையில், "ஞாயிற்றுக்கிழமை இதை மீன் சந்தைப் பக்கம் விட்டுவிடப் போகிறேன், சாமி" என்றார். கதவோரம் நின்ற சிறுமி வாய் திறக்கவில்லை; குட்டியை மார்போடு இறுக அணைத்துக்கொண்டாள்.

"ஒரு மாதம் தவணை கொடுங்கள், முறையாகப் பழக்கிப் பார்ப்போம்" என்று கேட்டுக்கொண்டேன். அந்த ஒரு மாதத்தில் அவர்கள் கைக்கொண்ட முறை, இதே தொல்லையால் வருந்தும் மற்ற இல்லத்தாருக்கும் பயன்படக்கூடும் என்பதால் இங்கே எழுதுகிறேன்.

முதலில் குட்டியின் இயல்பை அறிய வேண்டும். பிறந்த முதல் மூன்று வாரங்கள் வரை தாய் நாயே குட்டிகளை நக்கிச் சுத்தம் செய்கிறது. பின்னர் நடை பழகிய குட்டிகள், தாம் படுக்கும் இடத்தைவிட்டு விலகிச் சென்று கழிக்கத் தொடங்குகின்றன. படுக்கையை அசுத்தம் செய்ய விரும்பாத இந்த இயல்பே கூண்டு முறைக்கு அடிப்படை. ஆனால் நம் வீடு முழுவதும் குட்டிக்குப் படுக்கையாகத் தோன்றுவதில்லை. தான் உறங்கும் மூலை தவிர மற்றவையெல்லாம் அதற்கு வெளியிடமே. ஆகவே அது பிடிவாதத்தால் தவறு செய்கிறது என்று எண்ணுவது பிழை.

கூண்டின் அளவு முக்கியமானது. குட்டி நிமிர்ந்து நிற்கவும், திரும்பவும், கால் நீட்டிப் படுக்கவும் இடம் இருந்தால் போதும். மிகப் பெரிதாக இருப்பின், ஒரு மூலையில் உறங்கி மறு மூலையில் கழித்துவிடும். வளரும் இனமாயின், பெரிய கூண்டையே வாங்கி நடுவில் தடுப்பு வைத்து, குட்டி வளர வளர அதனை நகர்த்தலாம். நம் நாட்டு வெப்பத்திற்குக் காற்றோட்டமுள்ள கம்பிக் கூண்டே ஏற்றது. அதனை வெயில் படாத இடத்தில், மனிதர் நடமாட்டம் உள்ள அறையில் வையுங்கள். பழைய துணி விரித்து, குடிநீரும் வையுங்கள். உள்ளே விடுமுன் கழுத்துப்பட்டையைக் கழற்றிவிடுங்கள். அது கம்பியில் மாட்டிக்கொள்ளக்கூடும்.

குட்டியைப் பிடித்துத் தள்ளிக் கதவைச் சாத்துதல் ஆகாது. முதலில் கதவைத் திறந்து வைத்து உணவை உள்ளே வையுங்கள். அது தானாகச் சென்று வரப் பழகிய பின், சில நிமிடங்கள் மட்டும் சாத்துங்கள். நேரத்தைச் சிறிது சிறிதாகக் கூட்டுங்கள். கோபத்தில் தண்டனையாக ஒருபோதும் கூண்டில் அடைக்காதீர்கள். அடைத்தால் அதன்பின் அவ்விடம் அதற்கு அச்சம் தரும் இடமாகிவிடும்.

இனி நேரம். பகலில், எத்தனை மாதக் குட்டியோ ஏறக்குறைய அத்தனை மணி நேரமே அதனால் அடக்க இயலும் என்பது பொதுவான கணக்கு. இரண்டு மாதக் குட்டிக்கு இரண்டு மணி நேரம். அதற்குமேல் பூட்டி வைத்தால் அது வேறு வழியின்றி உள்ளேயே கழிக்கும். இம்முறைக்கு ஆதாரமான இயல்பே கெட்டுவிடும். விழித்தவுடன், உண்டபின், விளையாடியபின், நாம் உறங்கச் செல்லுமுன் என இவ்வேளைகளில் தவறாமல் ஒரே இடத்திற்கு அழைத்துச் செல்லுங்கள். இரவிலும் ஒருமுறையேனும் எழ வேண்டியிருக்கும். தடுப்பூசிகள் முடியும் வரை தெருநாய்கள் உலவும் இடம் வேண்டாம். கொல்லைப்புறமோ மொட்டைமாடியின் ஒரு மூலையோ போதும். அது கழித்து முடித்த அக்கணமே பாராட்டி, சிறு தின்பண்டம் கொடுங்கள். வீட்டிற்குள் வந்தபின் கொடுத்தால், எதற்காகப் பெற்றோம் என்பது அதற்கு விளங்காது.

தவறு நேர்ந்தால்? அடிக்காதீர்கள். நிகழ்ந்து முடிந்ததற்காக அடிபடும் குட்டி, தரையில் கழித்தது குற்றம் என்று அறிவதில்லை; மனிதர் முன் கழிப்பது ஆபத்து என்றே அறிகிறது. பிறகு கட்டிலடியிலும் கதவிடுக்கிலும் மறைந்து கழிக்கும். அக்குடும்பத்தில் நேர்ந்ததும் இதுவே. அசுத்தமான இடத்தைச் சோப்பு நீரால் கழுவி, அத்தகைய கறைக்கென்றே விற்கும் நொதிக் கரைசலால் துடைப்பது நலம். பினாயிலின் நெடி நம் மூக்கை ஏமாற்றுமேயன்றி நாயின் மூக்கை ஏமாற்றாது; பழைய வாசனை இருக்குமிடத்திற்கே அது மீண்டும் செல்லும். நன்கு பழகிய குட்டி திடீரென அடிக்கடி சிறுநீர் கழித்தாலோ, வாந்தியோ இரத்தம் கலந்த பேதியோ கண்டாலோ, உடனே கால்நடை மருத்துவரிடம் செல்லுங்கள்.

ஓர் எச்சரிக்கையும் கூறவேண்டும். கூண்டு பழக்குவதற்கான கருவி. நாள் முழுவதும் நாயைப் பூட்டி வைத்துவிட்டு வேலைக்குச் செல்வதற்கான வசதி அன்று. சுவீடன், பின்லாந்து போன்ற நாடுகளில் வீட்டு நாயைக் கூண்டில் பூட்டி வளர்ப்பதைச் சட்டமே தடுக்கிறது. நம் நாட்டின் 1960-ஆம் ஆண்டு விலங்குவதைத் தடுப்புச் சட்டமும், எப்பொழுதும் கட்டியோ அடைத்தோ வைக்கப்படும் நாய்க்குத் தக்க நடமாட்டம் தராமல் இருப்பதையும், தகுந்த காரணமின்றி விலங்கைக் கைவிடுவதையும் குற்றமாகக் கருதுகிறது. மீன் சந்தையில் விட்டுவரும் வழக்கம் பலரும் செய்வதாயினும் குற்றமே. தாய்ப்பால் மறந்து சில வாரங்களே ஆன குட்டி, அங்கே பெரிய நாய்களிடையே எத்தனை நாள் உயிரோடிருக்கும்?

அவ்வீட்டில் சிறுமி ஒரு தாளில் குட்டி வெளியே சென்ற நேரங்களையும், உள்ளே நேர்ந்த தவறுகளையும் குறித்துச் சுவரில் ஒட்டினாள். முதல் வாரம் பதினேழு தவறுகள். இரண்டாம் வாரம் ஒன்பது. நான்காம் வாரம் இரண்டு. அவ்விரண்டும் பெரியவர்கள் நேரம் தவறியதால் நேர்ந்தவை என்று அவள் அடிக்குறிப்பும் எழுதியிருந்தாள்! விடியற்காலை ஐந்து மணிக்குக் குட்டியை வெளியே அழைத்துச் செல்பவர் இப்போது அந்தத் தந்தையே. கூண்டின் கதவு பெரும்பாலும் திறந்தே கிடக்கிறது. குட்டி தானே உள்ளே சென்று உறங்குகிறது.

விடைபெறும்போது அவர் தாழ்ந்த குரலில், "இவளுடைய அண்ணன் மதிப்பெண் அட்டையை என்னிடம் காட்டாமல் ஒளித்து வைத்தான், சாமி. அவனையும் நான் செய்தித்தாளைச் சுருட்டிக்கொண்டுதான் வளர்த்திருக்கிறேன் போலும்" என்றார். அதற்கு நான் மறுமொழி கூறவில்லை. பிள்ளைகளைப் பெற்ற வாசகர்கள் தத்தம் இல்லத்தை எண்ணிப் பார்ப்பார்களாக.