2025 மே 1: மனுவோடு வாருங்கள், சீட்டோடு திரும்புங்கள்

பழவேற்காடு ஏரிக்கரைத் தோழர்களே, கடற்கரைக் குப்பங்களின் அக்கா தங்கைகளே!

2025 ஏப்ரல் 15 அன்று விசைப்படகுகளுக்குக் கடலைப் பூட்டிவிட்டார்கள். ஜூன் 14 வரை 61 நாள். காசிமேட்டு லாஞ்சில் கூலிக்குப் போன நம் பிள்ளைகள் துணிப்பையோடு ஊர் திரும்பிவிட்டார்கள். ஃபைபர் போட்டு வைத்திருப்பவர் கரையோரம் போய்வரலாம்தான். போய்வந்தவர்களிடம் கணக்குக் கேட்டேன். எண்ணெய்க் காசு தேறினால் அன்று நல்ல நாள் என்கிறார்கள். ஏரியோ வெயிலில் சுருங்கிச் சேறாகக் கிடக்கிறது.

இந்த நேரத்தில் ஒரு நாள் பொன்னேரியிலிருந்து பழவேற்காடு வரும் பஸ்ஸில் உட்கார்ந்திருந்தேன். எனக்குப் பின்சீட்டில் ஒருவர் ஊருக்கே கேட்கும்படி பேசிக்கொண்டு வந்தார். "தடைக்காலம்னு எட்டாயிரம், வீட்டம்மாவுக்கு மாசம் ஆயிரம், போதாததுக்கு நூறு நாள் வேலைன்னு மரத்தடியில தூக்கம். இவங்க எதுக்கு சார் உழைக்கணும்?" அவர் காலடியில் நம் குப்பத்து அக்கா ஒருத்தி, மீன் விற்ற அன்னக்கூடையோடு உட்கார்ந்திருந்தாள். விடியற்காலை இரண்டு மணிக்கு எழுந்தவள். அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. கூடையில் மிஞ்சியிருந்த தண்ணீர் அவர் செருப்பில் பட்டுவிடக் கூடாதே என்று கூடையைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டாள். அவ்வளவுதான்.

நானும் வாயைத் திறக்கவில்லை. சங்கத்தில் இத்தனை வருஷம் மைக் பிடித்தவன், அந்தப் பஸ்ஸில் ஜன்னல் வழியே வெளியே பார்த்துக்கொண்டு வந்தேன். அந்த வெட்கம்தான் இதை எழுத வைக்கிறது.

அவருக்குச் சொல்லாமல் விட்ட பதிலை இப்போது கணக்காகவே சொல்கிறேன்.

தடைக்கால நிவாரணம் குடும்பத்துக்கு 8,000 ரூபாய். 61 நாளுக்கு வகுத்தால் ஒரு நாளைக்கு 131 ரூபாய். ஆளுக்கு அல்ல, வீட்டுக்கு. 2025 ஏப்ரல் முதல் தமிழ்நாட்டில் நூறு நாள் வேலைக்கு அரசே நிர்ணயித்த கூலி 336 ரூபாய். அந்தக் கூலியில் 61 நாள் என்றால் 20,496 ரூபாய். அரசு தன் கணக்குப்படி மண்வெட்டிக்கு எழுதும் கூலியில் பாதிகூட, கடலை விட்டு நிற்பவனுக்கு வரவில்லை. மீனவர் சேமிப்பு நிவாரணத் திட்டத்தில் வரும் 4,500 ரூபாயை இலவசம் என்கிறார்களா? அதில் 1,500 ரூபாய் நாம் கட்டியது. மூன்றில் ஒரு பங்கு நம் சொந்தக் காசு.

படித்த பிள்ளைகளின் கதை இன்னும் மோசம். வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்து ஐந்து வருஷம் காத்திருந்தால்தான் வேலையில்லாதோர் உதவித்தொகைக்கு மனுவே போட முடியும். பத்தாவது பெயிலுக்கு மாதம் 200, பாஸுக்கு 300, பன்னிரண்டாவதுக்கு 400, பட்டதாரிக்கு 600. அதுவும் மூன்று வருஷத்துக்கு மட்டும். குடும்ப வருமானம் வருஷத்துக்கு 72,000 ரூபாயைத் தாண்டினால் அதுவும் கிடையாது. டிகிரி வாங்கிய நம் வீட்டுப் பெண்ணுக்கு ஒரு நாளைக்கு 20 ரூபாய். இந்தப் பணத்துக்காக ஒருத்தி வேலைக்குப் போகாமல் சோம்பிக் கிடப்பாள் என்று சொல்கிறவர், அந்த 20 ரூபாயில் ஒரு நாள் வாழ்ந்து காட்டட்டும்.

தோழர்களே, நம் கை சும்மா இருக்கும் நாட்களை யார் உண்டாக்குகிறார்கள் என்று விரல் விட்டு எண்ணுங்கள். மீன் முட்டையிடும் காலம் என்று சட்டம் கடலை மூடுகிறது. ஏரியின் முகத்துவாரத்தை மணல் மூடுகிறது. ஸ்ரீஹரிகோட்டாவில் ராக்கெட் விடும் நாளில் கடலுக்குப் போகாதே என்று அறிவிப்பு வருகிறது. அந்த ஒரு நாள் கூலிக்கு எழுதிக் கொடுக்கும் படிவத்தை எந்த ஆபீசிலும் நான் கண்டதில்லை. ஐப்பசி கார்த்திகையில் புயல் சின்னம். தெற்கே அனல்மின் நிலையங்களும் துறைமுகங்களும் வந்த பிறகு அந்தப் பக்கம் வலை போட்ட இடங்கள் குறைந்துகொண்டே போகின்றன. காட்டுப்பள்ளியில் துறைமுகத்துக்காகக் குப்பமே இடம் பெயர்ந்தது. அங்கே நிரந்தர வேலை கேட்டு நம் ஆட்கள் எத்தனை முறை வாசலில் உட்கார்ந்தார்கள் என்பது உங்களுக்கே தெரியும். இவற்றில் எந்த நாளை நாம் சோம்பேறித்தனத்தால் உண்டாக்கினோம்?

முகத்துவாரத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். அரசுப் பணத்தில் கல் கொட்டும் திட்டம் வருவதற்கு எத்தனையோ வருஷம் முன்பிருந்தே மணல் அடைத்தபோதெல்லாம் திறந்தது யார்? வீட்டுக்கு இவ்வளவு என்று வரி போட்டு, மண்வெட்டியோடு இறங்கியது நம் அப்பன்களும் தாத்தன்களும். அந்த வேலைக்கு மஸ்டர் ரோல் கிடையாது, கூலி கிடையாது. கடல் தண்ணீர் ஏரிக்குள் வந்தால்தான் இறால் வரும் என்று தெரிந்தவர்கள் செய்த வேலை அது. அந்தச் சனத்துக்கா உழைப்பைப் பற்றிப் பாடம்?

உழைப்பது மனிதனின் கடமை என்கிறார்கள். நான் மறுக்கவில்லை. ஆனால் கரைவலைக்கு இரண்டு கயிறு. இரண்டு பக்கமும் ஆள் நின்று சமமாக இழுத்தால்தான் மடி கரையேறும். ஒரு கயிற்றை மட்டும் இழுத்தால் வலை சாய்ந்து மீன் ஓடிவிடும். உழைக்க வேண்டும் என்பது ஒரு கயிறு. உழைக்க வருகிறவனுக்கு வேலை கொடுக்க வேண்டும், கொடுக்க முடியாத நாளுக்குச் சோறு போட வேண்டும் என்பது மற்றொன்று. நம் பக்கத்துக் கயிறு நம் கையில்தான் இருக்கிறது, உள்ளங்கைத் தழும்பைப் பாருங்கள். அந்தப் பக்கத்துக் கயிற்றைப் பிடிக்க வேண்டியவர்கள் கரையில் நின்றுகொண்டு நம்மைப் பார்த்து "இழு, இழு" என்று கத்துகிறார்கள்.

இந்தக் கத்தல் புதிதல்ல. நம் ஏரியோடு சேரும் பக்கிங்காம் கால்வாய்க்கு அந்தப் பெயர் எப்போது வந்தது தெரியுமா? தாது வருஷப் பஞ்சத்தில். 1877, 78-இல் சென்னையில் கூவத்துக்கும் அடையாற்றுக்கும் நடுவே சுமார் எட்டு கிலோமீட்டர் கால்வாயைப் பஞ்ச நிவாரண வேலையாக வெட்டினார்கள். அப்போதைய கவர்னரின் பெயரைக் கால்வாய்க்கு வைத்தார்கள். வெட்டியவர்கள் பெயர் எந்தக் கல்லிலும் இல்லை. அந்தப் பஞ்சத்தில் ரிச்சர்ட் டெம்பிள் என்ற அதிகாரி ஒரு கூலி வகுத்தார். நாள் முழுக்கக் கடும் வேலை செய்யும் ஆணுக்கு ஒரு பவுண்டு தானியம், அதாவது அரைக்கிலோவுக்கும் குறைவு, கூடவே ஒரு அணா. பெண்ணுக்கு அதிலும் குறைவு. அதிகம் கொடுத்தால் சனம் சோம்பேறியாகிவிடும், கஜானா காலியாகிவிடும் என்பது அன்றைய கவலை. சென்னை மாகாணச் சுகாதார ஆணையர் கார்னிஷ், இந்தச் சோற்றில் ஆள் செத்துப் போவான், ஒன்றரைப் பவுண்டாவது கொடுங்கள் என்று எழுத்திலேயே சண்டை போட்டார். பிறகுதான் கொஞ்சம் கூட்டினார்கள். அதற்குள் எத்தனை உயிர்!

பஸ்ஸில் கேட்ட குரல் டெம்பிள் துரையின் குரல்தான். பேசியவர் நல்ல தமிழில் பேசினார், அதுதான் வித்தியாசம்.

அந்தக் குரலுக்கு எதிராக இந்த நாட்டு ஏழைகள் போராடி வாங்கிய சட்டம் ஒன்று இருக்கிறது. 1970களில் மகாராஷ்டிர வறட்சியில் வேர்விட்டு, 2005-இல் நாடு முழுமைக்கும் என்று நிறைவேறிய சட்டம், நாம் நூறு நாள் வேலை என்று சொல்லும் மகாத்மா காந்தி ஊரக வேலை உறுதிச் சட்டம். அதில் நம் கண்ணில் படாமல் ஒரு பிரிவு தூங்குகிறது. பிரிவு 7. வேலை கேட்டு மனு கொடுத்த 15 நாளுக்குள் வேலை தரவில்லை என்றால், வேலையில்லாப் படி தர வேண்டும். முதல் 30 நாளுக்குக் கூலியில் கால் பங்குக்குக் குறையாமல், அதற்குப் பிறகு பாதிக்குக் குறையாமல். 2025 ஏப்ரல் கூலியில் நாளொன்றுக்கு 84 ரூபாய், பிறகு 168 ரூபாய். இதைக் கொடுக்க வேண்டியது மாநில அரசு. சட்டம் இரண்டாவது கயிற்றை எழுதியே வைத்திருக்கிறது, தோழர்களே. நாம்தான் எடுத்து நீட்டவில்லை.

ஏன் நீட்டவில்லை? மனு எழுத்தில் இல்லை. தேதி போட்ட சீட்டு நம் கையில் இல்லை. "வேலை வந்தா சொல்லி அனுப்புறோம் போ" என்று ஊராட்சியில் சொன்னதும் திரும்பி வந்துவிடுகிறோம். சீட்டு இல்லை என்றால் நாம் வேலையே கேட்கவில்லை என்றுதான் பதிவேடு சொல்லும்.

பணமே வரவில்லையே, கேட்டு என்ன பயன் என்று சிலர் சொல்கிறீர்கள். உண்மைதான். செய்து முடித்த வேலைக்கான கூலிப் பாக்கி 1,056 கோடி ரூபாயை விடுவிக்கச் சொல்லி 2025 ஜனவரியில் முதலமைச்சர் பிரதமருக்குக் கடிதம் எழுத வேண்டியிருந்தது. கூலி தாமதமானால் இழப்பீடு உண்டு என்கிறது சட்டம். எவ்வளவு? 16-ஆம் நாளிலிருந்து தினமும் 0.05 சதவீதம். 336 ரூபாய்க்கு நாளொன்றுக்கு 17 பைசாகூட இல்லை. நம்மைக் காக்கவைப்பது அவர்களுக்கு அவ்வளவு மலிவு. மனுக்கள் கட்டுக் கட்டாகக் குவிந்தால்தான் அந்த மலிவுக்கு முடிவு வரும்.

இனி நமக்குள் ஒரு பேச்சு. வெளியே காட்டும் கோபத்தில் பாதியை உள்ளேயும் காட்டுவோம்.

நம் ஊர்களிலும் நூறு நாள் வேலைக்கு வந்து, காலையில் வருகைப் பதிவு போட்டோவுக்கு நின்றுவிட்டு நழுவுகிறவர்கள் இருக்கிறார்கள். ஒருவர் நழுவினால் பஸ்ஸில் இருப்பவருக்கு நூறு பேரைத் திட்ட வாய் கிடைக்கிறது. மே முதல் தேதிக்குப் பிறகு அது வேண்டாம்.

அதைவிடப் பெரியது ஒன்று. ஏரியில் யார் எங்கே வலை போடுவது என்று பாடு சீட்டுப் போடும்போது தலைக்கட்டு எண்ணுகிறோம். தலைக்கட்டு என்றால் ஆண் என்றே எண்ணிப் பழகிவிட்டோம். புருஷனை இழந்தவள், விட்டுவந்தவள், கூடை சுமந்தே குடும்பம் காப்பவள், இவர்களெல்லாம் எந்தக் கணக்கில்? போன வாரம் ஏரியில் இருளர் வீட்டு அம்மா ஒருத்தியைப் பார்த்தேன். இடுப்பளவு தண்ணீரில் குனிந்து, இரண்டு கையாலும் சேற்றைத் தடவி இறால் பிடித்துக்கொண்டிருந்தாள். பனையோலைப் பறியின் வாயைப் பல்லால் கடித்திருந்தாள். பேச வாய் இல்லை, தலையை மட்டும் அசைத்தாள். கரையேறியதும் கேட்டேன்: "நிவாரணம் வருதாம்மா?" பறியை உதறிக்கொண்டே சொன்னாள்: "நாங்க மீனவர் இல்லையாமே." காலையிலிருந்து மீன்பிடித்துக்கொண்டிருந்தவள் சொன்ன பதில் இது. கடலுக்கு ஒரு பட்டியல், ஏரிக்கு ஒரு பட்டியல், சாதிக்கு ஒரு பட்டியல் என்று பிரித்து வைத்ததில் ஆபீசுக்கு மட்டுமல்ல, நமக்கும் பங்கு உண்டு. அவளை விட்டுவிட்டு நாம் உரிமை பேசினால் அந்தப் பேச்சு நமக்கே ஒட்டாது.

ஆகவே செய்ய வேண்டியதைச் சொல்கிறேன்.

இந்த வாரத்துக்குள் ஒவ்வொரு குப்பத்திலும் எழுதத் தெரிந்த இரண்டு பேர் வீடு வீடாகப் போக வேண்டும். பையன் ஒருவன், பெண் ஒருத்தி. நூறு நாள் அட்டை இருக்கிறதா, பேங்க் கணக்கில் ஆதார் சேர்ந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அட்டை இல்லாதவருக்கு அட்டை கேட்டு மனு, இருப்பவருக்கு வேலை கேட்டு மனு. இருளர் குடியிருப்புக்கு முதல் நாளே போங்கள், கடைசி நாளில் அல்ல.

மே 1, வியாழக்கிழமை, கிராமசபை. 2025 ஜனவரியோடு ஊராட்சித் தலைவர்களின் பதவிக்காலம் முடிந்துவிட்டது, தனி அலுவலர்தான் இருப்பார். தலைவர் இல்லையே என்று யாரும் வீட்டில் இருந்துவிடாதீர்கள். தலைவர் இல்லாத சபையில்தான் சனம் கூடுதலாக இருக்க வேண்டும். மனுவைக் கையில் கொடுங்கள், தேதி போட்ட ஒப்புகைச் சீட்டை வாங்குங்கள். சீட்டு தரும்வரை நாற்காலியை விட்டு எழாதீர்கள்.

என்ன வேலை கேட்பது? சட்டத்தின் வேலைப் பட்டியலிலேயே மீன் உலர்த்தும் தளம் இருக்கிறது. கடலோரத்தில் மரம் நடுவதும் இருக்கிறது. ரோட்டிலும் மணலிலும் கருவாடு காயவைக்கும் நம் பெண்களுக்குத் தளம் கேளுங்கள். புயலைத் தாங்கப் பனை கேளுங்கள். இவற்றைத் தீர்மானமாக எழுதி, படித்துக் காட்டச் சொல்லி, பிறகு கையெழுத்துப் போடுங்கள். கூடவே இன்னும் இரண்டு தீர்மானம். ஏரியில் மீன்பிடிக்கும் அனைவரையும், இருளர் உட்பட, நிவாரணப் பட்டியலில் சேர்க்க வேண்டும். தடைக்காலப் பணத்தை வேலை உறுதிக் கூலியின் கணக்கில் நாள்வாரியாக உயர்த்த வேண்டும்.

அந்தப் பணத்தின் பெயரையும் மாற்றச் சொல்லுவோம். 2023 செப்டம்பரில் பெண்களுக்கு மாதம் ஆயிரம் தரத் தொடங்கியபோது அதற்கு உதவித்தொகை என்று பெயர் வைக்கவில்லை, உரிமைத் தொகை என்று வைத்தார்கள். நல்லது. புயல் அடித்தால் கொடுப்பது நிவாரணம். மீன் முட்டையிடட்டும் என்று நாட்டுக்காக நாம் காத்திருப்பதற்குத் தருவது கூலி. ஜூலையில் ஊரெல்லாம் தின்னும் மீன், ஏப்ரலில் நாம் பிடிக்காமல் விட்ட மீன்.

மே 16-ஆம் தேதியோடு 15 நாள் முடிகிறது. வேலை வந்திருந்தால் மண்வெட்டியோடு போவோம், முழு நாள் நின்று செய்வோம். வராவிட்டால் 17-ஆம் தேதி காலை, ஒருவர் விடாமல், சீட்டுகளைக் கையில் எடுத்துக்கொண்டு ஒன்றிய அலுவலகத்துக்குப் போய் வேலையில்லாப் படி கேட்போம். அன்று சனிக்கிழமை என்று கதவு பூட்டியிருந்தால் திங்கட்கிழமை திரும்பவும் போவோம். காத்திருப்பது நமக்குப் பழகிய வேலைதான்.

போகும் வழி அதே பொன்னேரி பஸ். கூடைக்கார அக்காவை சீட்டில் உட்கார வைப்போம். யாராவது அதே கேள்வியைக் கேட்டால், இந்த முறை நான் ஜன்னல் பக்கம் திரும்ப மாட்டேன். கையில் இருக்கும் சீட்டைக் காட்டி, "வேலை கேட்டு இத்தனை நாள் ஆச்சு சார், நீங்களே எண்ணிப் பாருங்க" என்பேன்.

மனு எழுதப் பேனா எடுங்கள், தோழர்களே. நாள் ஓடிக்கொண்டிருக்கிறது.