புல்வெட்டும் வண்டியில் ஒரு பயணம்

அமெரிக்கர்களின் விசித்திரப் படங்கள் பல எனக்குப் பிடிபடுவதில்லை. டேவிட் லிஞ்ச் இயக்கி 1999இல் வெளிவந்த 'தி ஸ்ட்ரெய்ட் ஸ்டோரி' அத்தகையதன்று. (அவருடைய ஏனைய படங்களைக் குடும்பத்தோடு பார்க்குமாறு கூறமாட்டேன்!)

கண்பார்வை மங்கியதால் கார் ஓட்டும் உரிமம் பெற இயலாத 73 வயது ஆல்வின் ஸ்ட்ரெய்ட், நோயுற்ற அண்ணனைக் காண, அயோவாவிலிருந்து விஸ்கான்சினுக்கு ஏறத்தாழ 240 மைல் புல்வெட்டும் வண்டியிலேயே சென்றார். 1994இல் உண்மையில் நடந்தது இது. படத்தில் அவ்விருவரும் பத்தாண்டுகளாகப் பேச்சற்றவர்கள். நம் தெருவிலேயே அப்படிப்பட்டோர் உண்டே என்பீர்கள். பழுதான முதல் வண்டியைக் கிழவர் துப்பாக்கியால் சுடும்போது சிரித்துவிட்டேன். இறுதியில் மன்னிப்புக் கோரும் வசனமே இல்லை. இதிலா இத்தனை தூரம் வந்தாய் என்று அண்ணன் வினவுகிறார். பின்னர் இருவரும் விண்மீன்களைப் பார்த்தவாறு அமர்ந்திருக்கின்றனர்.