பிரளயத்துக்குப் பொய்ச்சாட்சி

பெரம்பலூர், அரியலூர் மண்ணைத் தோண்டினால் கடல் சிப்பி கிடைக்கிறது. ஆகவே உலகம் பிரளயத்தில் மூழ்கியது. ஆகவே கடவுள் உண்டு. இதைக் கண்டும் நம்பாதவன் திமிர் பிடித்தவன். மேடைகளில் முழங்கும் இந்த வாதத்தில் உண்மை முதல் வரியோடு தீர்ந்துபோகிறது.

காரை ஊரின் களிமண் ஓடைகளில் அம்மோனைட்டுகள் எனும் சுருள் ஓட்டுக் கடலுயிர்களின் படிவங்களும் சுறாப் பற்களும் கிடைக்கின்றன. இங்கே கடல் இருந்தது என்பதில் ஐயமில்லை. ஆனால் அது ஒரே மூச்சில் வந்து வடிந்த வெள்ளமல்ல. கோடிக்கணக்கான ஆண்டுகள் ஏறியும் இறங்கியும் கிடந்த கடல். அதன் படிவுகளை 1862இலேயே புவியியலாளர் பிளான்ஃபோர்டு ஊட்டத்தூர், திருச்சினாப்பள்ளி, அரியலூர் என்று வரிசைப்படுத்திவிட்டார். அடுக்குக்கு அடுக்கு உயிரினங்கள் வேறுபடுகின்றன. ஒரே வெள்ளம் எல்லாவற்றையும் வாரிக் கொட்டியிருந்தால் இந்த ஒழுங்கு எப்படி வந்தது? 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் அழிந்த அம்மோனைட்டுகள் அதற்குப் பிந்தைய நின்னியூர் அடுக்கில் ஏன் இல்லை?

கல்லங்குறிச்சிச் சுண்ணாம்புக்கல்லில் சிப்பிகள் தலைமுறைமேல் தலைமுறையாக வளர்ந்து படிந்திருக்கின்றன. ஊரையே புரட்டிப்போடும் வெள்ளத்தில் சிப்பி எங்கே நிலைகொண்டு வளரும்? கல்லமேட்டில் டைனோசர் எலும்புகள் கிடைத்தன. பிரளயத்தில் மாண்டதாகச் சொல்லப்படும் மனிதர்களில் ஒருவரின் எலும்புகூட இந்த அடுக்குகளில் கிடைக்கவில்லை. இத்தனைக்கும் பதில் சொல்லாமல் ‘ஆகவே’ என்று தாவுவது வாதமல்ல, ஏய்ப்பு.

இந்த ஏய்ப்பு அறிவியலைவிட பக்தியைத்தான் அதிகம் இழிவுபடுத்துகிறது. அதே கல்லங்குறிச்சியில் கலியுக வரதராசப் பெருமாளை வணங்க வரும் விவசாயி, பாறையின் வயதை விசாரித்துவிட்டா கைகூப்புகிறார்? கண்டகி ஆற்றின் சாளக்கிராமமும் அம்மோனைட் புதைபடிவம்தான். அது பல கோடி ஆண்டு பழையது என்று அறிந்ததால் அதைப் பூசிப்பவரின் பக்தி குறைந்துவிடவில்லை. நம்பிக்கை என்பது ஒருவர் தம்மை ஒப்படைப்பது, நன்றி சொல்வது, அதற்கேற்ப வாழ்வது. அதைச் சிப்பி ஓட்டின்மேல் நிறுத்துகிறவர், அடுத்த ஆய்வாளர் சுத்தியலை எடுத்ததும் கடவுளை இழந்து நிற்பார்.

நம்பாதவரைத் திமிர் பிடித்தவர் என்பது அதைவிடக் கேவலம். தமக்குச் சான்று போதாதபோது போதாது என்று சொல்வது திமிரல்ல, நேர்மை. தெரியாததைத் தெரிந்ததாகச் சாதிப்பதே திமிர். கல்லின் வயதைக் காட்டிக் கடவுள் இல்லை என்று தீர்ப்பெழுதுவோருக்கும் இது பொருந்தும். பாறை தன் வரலாற்றைத்தான் சொல்லும். கடவுளைப் பற்றி எந்தப் பக்கமும் பேசாது.

சாத்தனூரில் 18 மீட்டர் நீளத்தில், பல கோடி ஆண்டு பழமையான கல்மரம் கிடக்கிறது. வாரணவாசியில் புதைபடிவ அருங்காட்சியகம் இருக்கிறது. இவ்வளவு செல்வத்தின்மேல் பிறந்த பிள்ளைகளிடம், எல்லாம் ஒரே வெள்ளத்தின் குப்பை என்று சொல்வது அவர்களின் சொத்தைத் திருடுவது. பக்தியைப் போதியுங்கள், அது உங்கள் உரிமை. அதற்காகப் பிள்ளைகளிடம் பொய் சொல்லும் உரிமை உங்களுக்கு இல்லை.