கல்லமேட்டை மறந்த டைனோசர் பாடம்

விடுமுறை நெருங்கினால் போதும், தென்மாவட்டப் பள்ளிகளின் வாட்ஸ்அப் குழுக்களில் 'அறிவியல் சுற்றுலா' அழைப்புகள் வரத் தொடங்கிவிடுகின்றன. போகும் இடம் பெரும்பாலும் ஏதோவொரு பொருட்காட்சி. அங்கே முக்கிய ஈர்ப்பு ரோபோ டைனோசர். சங்கரன்கோவிலில் விசைத்தறிக் கூலியை நம்பிப் பிள்ளையைப் படிக்கவைப்பவரும் அந்தப் பணத்தைக் கட்டிவிடுகிறார். வகுப்பே போகும்போது தன் பிள்ளையை மட்டும் எப்படி நிறுத்துவது? அங்கே வாலை ஆட்டி, கண்ணைச் சிமிட்டி, ஒலிபெருக்கியில் உறுமும் பொம்மையோடு படம் எடுத்துக்கொண்டு பிள்ளைகள் திரும்புகிறார்கள்.

இதைப் பொழுதுபோக்கு என்று சொன்னால் எனக்கு ஒரு வழக்கும் இல்லை. ஆடித்தபசுத் திருவிழாவுக்கு வரும் ராட்டினத்தில் ஏறி இறங்கிவிட்டு அதை இயற்பியல் வகுப்பு என்று நம்மில் யாரும் சொல்லிக்கொள்வதில்லை. ரோபோ டைனோசரை மட்டும் ஏன் அறிவியல் கணக்கில் எழுதுகிறோம்?

அந்தப் பொம்மைக்குள் இருப்பது இரும்புச் சட்டமும் மோட்டாரும். மேலே நுரைப்பஞ்சு, அதற்கு மேல் சிலிகான் தோல். ஆள் நடமாட்டம் தெரிந்தால் இயக்கிவிட ஒரு சென்சார். காட்சியின் கதாநாயகன் எப்போதும் டி-ரெக்ஸ்தான். அது வட அமெரிக்க விலங்கு. இந்திய மண்ணில் அதன் பல் ஒன்றுகூடக் கிடைத்ததில்லை. பக்கத்தில் நிற்கும் வெலாசிராப்டர் ஆள் உயரத்துக்கு மொட்டைத் தோலோடு இருக்கும். உண்மையான வெலாசிராப்டர் வான்கோழி அளவுதான். அதற்கு இறகு இருந்ததற்கான தடயம் அதன் முன்கை எலும்பிலேயே இருப்பதை 2007-ல் ஆய்வாளர்கள் காட்டினார்கள். பொம்மைகளோ 1993-ல் வந்த 'ஜுராசிக் பார்க்' படத்தைத் தாண்டி வரவில்லை. அந்த உறுமலும் கற்பனையே. டைனோசரின் குரலை யாரும் கேட்டதில்லை.

நர்மதைக் கரையில் வாழ்ந்த ராஜாசாரஸ் என்ற ஊனுண்ணிக்கு 2003-ல் பெயர் சூட்டினார்கள். அதன் எலும்புகள் கிடைத்த குஜராத்தின் ரையோலியில் 2019-லிருந்து அருங்காட்சியகமும் இருக்கிறது. நம் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு அந்தப் பெயர் தெரியும்?

டைனோசரைக் காட்டுவதற்கு முன், அதைத் தேடியவர்களைக் காட்ட வேண்டும். 1828-ல் ஜபல்பூர் அருகே ஸ்லீமன் என்ற படை அதிகாரி எலும்புகளைப் பொறுக்கியபோது 'டைனோசர்' என்ற பெயரே பிறக்கவில்லை. ரிச்சர்ட் ஓவன் அதைச் சூட்டியது 1842-ல். நம் பக்கத்தில், 1840-களில் கேயி, கன்லிஃப் என்ற இரண்டு அதிகாரிகள் புதுச்சேரி, விருத்தாசலம், திருச்சி வட்டாரங்களில் திரட்டிய சிப்பிப் புதைபடிவங்களை எட்வர்டு ஃபோர்ப்ஸ் 1846-ல் விவரித்து எழுதினார். பிளான்போர்டு என்ற புவியியலாளர் இந்தப் பாறை அடுக்குகளை ஆராய்ந்து 1862-ல் அறிக்கை தந்தார். இங்கே கிடைத்த படிவங்களைப் பற்றித் தொகுதி தொகுதியாக எழுதிய ஸ்டோலிச்கா, 1874-ல் லடாக் மலைகளில் பயணத்தின்போதே இறந்துபோனார். பெரம்பலூர் மாவட்டம் சாத்தனூரில் 18 மீட்டர் நீளக் கல்மரத்தை 1940-ல் கண்டறிந்து சொன்னவர் எம்.எஸ்.கிருஷ்ணன். இந்தியப் புவியியல் ஆய்வு நிறுவனத்தின் முதல் இந்திய இயக்குநராகப் பின்னாளில் உயர்ந்தவர் அவர்தான். புதைபடிவங்களைத் தேடிய மேரி ஆனிங் என்ற இங்கிலாந்துத் தச்சரின் மகளைப் பற்றிப் படக்கதை வாங்கித் தரும் பெற்றோர்கள்கூடக் கிருஷ்ணனின் பெயரைக் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள்.

இனி என் ஆத்திரத்துக்கு மூல காரணமான ஆண்டுக்கு வருகிறேன்: 1987.

அந்த ஆண்டு அர்ஜென்டினாவின் பிளாசா ஹுயின்குல் என்ற எண்ணெய்க் கிணற்று ஊரருகே, பண்ணைக்காரர் ஒருவர் தன் நிலத்தில் பெரிய கல்மரத்துண்டு ஒன்றைப் பார்த்தார். ஊர் அருங்காட்சியகத்துக்குச் சொல்லி அனுப்பினார். வந்து பார்த்தால் அது மரமல்ல, கால் எலும்பு. நீளம் ஏறத்தாழ 1.55 மீட்டர். 1993-ல் அந்த விலங்குக்கு அர்ஜென்டினோசாரஸ் என்று பெயரிட்டார்கள். அதன் எலும்புகள் அந்தச் சிற்றூரின் அருங்காட்சியகத்திலேயே இருக்கின்றன.

அதே 1987-ல், சீனாவின் சிகோங் நகரில், டைனோசர் எலும்புகள் குவியலாகக் கிடைத்த தாஷான்பு தளத்தின் மேலேயே ஓர் அருங்காட்சியகத்தைத் திறந்தார்கள். எலும்புகள் மண்ணில் கிடக்கும் நிலையிலேயே மக்கள் பார்க்கலாம். இன்று உலகம் முழுவதும் போகும் ரோபோ டைனோசர்களில் பெரும்பகுதி செய்யப்படுவதும் அதே நகரத்தில்தான். முதலில் எலும்பைக் காத்தார்கள், பிறகு பொம்மை விற்றார்கள்.

அதே 1987-ஐத் தாங்கிய வெளியீடு ஒன்றில்தான், புவியியல் ஆய்வு நிறுவனத்தின் யாதகிரி, அய்யாசாமி இருவரும் அரியலூர் மாவட்டத்துக் கல்லமேட்டில் கிடைத்த டைனோசரைப் பற்றி எழுதினார்கள். அதற்கு அவர்கள் வைத்த பெயர் புருகத்காயோசாரஸ். கெண்டைக்கால் எலும்பின் நீளம் 2 மீட்டர். அர்ஜென்டினாவின் 1.55 மீட்டரோடு ஒப்பிட்டுப் பாருங்கள்: ஏறத்தாழ முப்பது விழுக்காடு அதிகம். முதலில் ஊனுண்ணி என்றார்கள். பிறகு நீண்ட கழுத்துடைய தாவர உண்ணி என்று ஆய்வுலகம் திருத்திக்கொண்டது. அந்த அளவு சரியென்றால், நிலத்தில் நடந்த விலங்குகளிலேயே மிகப் பெரியது நம் அரியலூரில் நடந்தது. அது நீலத் திமிங்கிலத்துக்கு நிகரான எடை கொண்டிருக்கலாம் என்று 2023-ல் வெளிவந்த ஓர் ஆய்வுகூடச் சொன்னது.

அந்த எலும்பு இப்போது எங்கே? எங்கும் இல்லை. உளுத்துப்போன எலும்புகள், மழைக்கும் ஈரத்துக்கும் தாங்காமல் பொடிந்துபோயின. மிஞ்சியவை கோட்டோவியங்களும் மங்கலான சில படங்களும்தான். அர்ஜென்டினாவில் மரம் என்று நினைத்தது எலும்பு என்று நிரூபணமானது. இங்கே எலும்பு என்று அறிவித்ததை, 'ஒருவேளை கல்மரமோ?' என்று வெளிநாட்டு ஆய்வாளர்கள் ஐயப்பட்டார்கள். அவர்களுக்குப் பதில் சொல்ல நம் கையில் ஒரு துண்டுகூட இல்லை. சந்தேகப்பட்டவனைச் சோதித்துப்பார்க்கச் சொல்வதற்குப் பொருள் வேண்டும். பொருள் இல்லாத இடத்தில் அறிவியல் இல்லை, பெருமைப் பேச்சு மட்டுமே உண்டு.

இதற்கு நேர்மாறான ஒன்றும் அதே கல்லமேட்டில் நடந்தது. விரல் நுனியில் வைத்துப் பார்க்கக்கூடிய ஒரு சின்னப் பல். டிரூடோன்டிட் என்ற, பறவைகளுக்கு நெருங்கிய உறவான டைனோசர் குடும்பத்தின் பல் அது என்று 2013-ல் ஆய்விதழில் வெளிவந்தது. அந்தக் குடும்பம் இந்தியாவில் இருந்ததற்கு அதுவே முதல் சான்று. இரண்டு மீட்டர் எலும்பு சாதிக்காததை ஒரு பல் சாதித்தது, பத்திரமாக இருந்ததால். நம் பிள்ளைகளுக்குச் சொல்லித்தர வேண்டிய பாடம் இதுதான். எந்த ரோபோவும் இதைச் சொல்லித் தராது.

'குழந்தைகளுக்கு முதலில் ஆர்வம் பிறக்கட்டும், எலும்பையும் கல்லையும் பிறகு பார்த்துக்கொள்ளலாம்' என்பவர்கள் இருக்கிறார்கள். அந்தப் 'பிறகு' எந்தப் பள்ளியில், எந்த வகுப்பில் வந்தது என்று அவர்களைக் கேட்டால் பதில் வராது. 'ரோபோ என்பதே தொழில்நுட்பம், பிள்ளைகள் பொறியியல் கற்பார்களே' என்பவர்களுக்கு ஒன்றுதான்: கயிறு கட்டித் தள்ளி நிற்கவைத்து, மூடிய தோலை மட்டும் காட்டும் இடத்தில் யாரும் எந்தப் பொறியியலையும் கற்றதில்லை. மூன்றாவது தரப்பு, 'மாணவர்கள் கேட்கிறார்கள்' என்று சொல்லும் பள்ளி நிர்வாகங்கள். மாணவர்கள் விளையாட்டு மைதானமும்தான் கேட்கிறார்கள்.

பிள்ளைகளின் தலையில் என்ன ஏறியிருக்கிறது என்பதற்கு 2020 அக்டோபர் சாட்சி. பெரம்பலூர் மாவட்டம் குன்னம் பகுதி ஏரியில் உருண்டை உருண்டையாகக் கற்கள் கிடைத்தன. 'டைனோசர் முட்டை' என்று சமூக ஊடகம் அலறியது. கூட்டம் கூடியது. அவை அம்மோனைட் என்ற கடல்வாழ் உயிரிகளின் படிவங்களைச் சுற்றி இறுகிய படிவு உருண்டைகள் என்று புவியியலாளர்கள் வந்து விளக்க வேண்டியிருந்தது. படித்தவர்கள் நிறைந்த மாநிலம் இது. அம்மோனைட்டும் அம்மோனியாவும் ஒன்றா என்று கேட்கும் பட்டதாரிகளை நாம் உருவாக்கியிருக்கிறோம். காரணம், அவர்கள் பார்த்து வளர்ந்தது பொம்மை.

பாடநூலைக் குறை சொல்ல முடியாது. என்.சி.இ.ஆர்.டி. தன் பத்தாம் வகுப்பு நூலிலிருந்து பரிணாமத்தை எடுத்தது 2023-ல் வெளிச்சத்துக்கு வந்தபோது, நாடெங்கும் ஆயிரத்து எண்ணூறுக்கும் மேற்பட்ட அறிவியலாளர்களும் ஆசிரியர்களும் கண்டனக் கடிதத்தில் கையெழுத்திட்டார்கள். தமிழ்நாட்டுப் பாடநூலில் உயிரின் தோற்றமும் பரிணாமமும் தனிப்பாடமாகவே இருக்கிறது. தில்லி கிழித்த பக்கத்தை நாம் வைத்திருக்கிறோம் என்று மார்தட்டலாம். ஆனால் அந்தப் பக்கத்தைப் படிக்கும் சங்கரன்கோவில் மாணவியின் கையில் ஒரு படிவக் கல்லையாவது கொடுத்தோமா?

அவள் ஊரில் தேடினால் கிடைக்காது. அது கடும் வெப்பத்திலும் அழுத்தத்திலும் உருமாறிய பழம்பாறை நிலம்; டைனோசர் காலத்தைவிட மிக மூத்தது. ஆனால் அரியலூர் அவளுக்கு அந்நியமல்ல. சங்கரன்கோவிலில் ஏறிச் சென்னைக்குப் போகும் பொதிகை ரயில் அரியலூர் வழியாகத்தான் ஓடுகிறது. ஏழு கோடி ஆண்டுக்கு முந்தைய கடலின் தரைமீது நம் பிள்ளைகள் ஆண்டுதோறும் தூங்கிக்கொண்டே கடந்துபோகிறார்கள். அந்தக் கடலின் சுண்ணாம்புக்கல் சிமென்ட் ஆலைகளுக்குப் போய்க்கொண்டிருக்கிறது. புவிப் பாரம்பரிய இடங்களைக் காக்க 2022 டிசம்பரில் ஒன்றிய அரசு வெளியிட்ட வரைவு மசோதா, வரைவோடு நின்றது.

கீழடிக்கு 2023-ல் அருங்காட்சியகம் திறந்தோம். பொருநைக்கும் நெல்லையில் கட்டினோம். சரியான காரியங்கள். மூவாயிரம் ஆண்டுக்குப் பேருந்து விடும் அரசு, ஏழு கோடி ஆண்டுக்கு ஒரு பேருந்து விடாதா? அரியலூர் வாரணவாசியில் படிவ அருங்காட்சியகம் ஏற்கெனவே இருக்கிறது. சாத்தனூர்க் கல்மரமும், காரை பகுதியின் படிவ நிலமும், திருவக்கரைக் கல்மரங்களும் தேசியப் புவிப் பாரம்பரியப் பட்டியலில் உள்ளவை. புதிதாகக் கட்ட வேண்டியது குறைவு.

பள்ளிக் கல்வித் துறை செய்ய வேண்டியவை மூன்று. சுரங்கங்கள் கழித்துக்கட்டும் குவியல்களிலிருந்து, புவியியலாளர் மேற்பார்வையில் படிவங்களைப் பொறுக்கி, ஒவ்வொரு அரசு உயர்நிலைப் பள்ளிக்கும் ஒரு பெட்டி அனுப்ப வேண்டும். பத்தாம் வகுப்பை முடிக்கும் முன் ஒவ்வொரு மாணவரும் ஒருமுறை அரியலூர் மண்ணை மிதிக்க வேண்டும். அதுவரை, ரோபோ டைனோசர் காட்சிக்குப் பிள்ளைகளை அழைத்துப்போகும் எந்தப் பள்ளியும் அதை 'அறிவியல் சுற்றுலா' என்று சொல்லிப் பணம் வாங்கக் கூடாது என்று சுற்றறிக்கை விட வேண்டும். கல்லமேட்டு எலும்பைத் தொலைத்தது மழை என்பது பாதி உண்மை. கல்லைத் தொட்டுப் பழகாத ஒரு சமூகம் அதைக் காப்பாற்றியிருக்கவே முடியாது. இந்த மூன்றையும் செய்யாவிட்டால் அடுத்த எலும்பும் சிமென்ட் மூட்டைக்குள்தான் போகும்.