ஒரே கொத்தில் மூன்று நிறம்



மன்னார்குடி வாசகி அனுப்பிய படத்தைச் சென்ற இதழில் பார்த்திருப்பீர்கள். வாங்கிய வீட்டின் மதிலில் ஏற்கெனவே படர்ந்திருந்த கொடி. ஒரே கொத்தில் வெள்ளை, இளஞ்சிவப்பு, அடர்சிவப்புப் பூக்கள். பொழுது சாய்ந்ததும் மணம். வெட்டச் சொல்கிறார்கள், பெயராவது தெரிந்துகொள்கிறேனே என்று கேட்டிருந்தார். உங்கள் பதில்களால் என் மேசை நிறைந்துவிட்டது.

பலர் ரங்கூன் மல்லி என்றீர்கள். வடக்கே வாழ்ந்து திரும்பியவர்கள் மதுமாலதி என்றார்கள். இரண்டும் ஒரே கொடிதான். ஓரிருவருக்கு இட்லிப்பூவோ என்ற ஐயம். இட்லிப்பூவுக்கு நான்கு இதழ், இதற்கு ஐந்து.

ஓய்வுபெற்ற தாவரவியல் ஆசிரியை ஒருவர் மட்டும் பெயர் எதுவும் சொல்லவில்லை. இலைகள் எதிரெதிராக இருக்கின்றனவா? மொட்டு எப்போது விரிகிறது? முற்றிய தண்டில் முள் உண்டா, உண்டென்றால் எந்த இடத்தில்? இப்படிக் கேட்டு எழுதியிருந்தார். வாசகி போய்ப் பார்த்தார். முள் இருந்தது, இலை உதிர்ந்த இடங்களில் மட்டும். இந்தக் கொடியில் இலை விழுந்த பிறகும் காம்பின் அடிப்பகுதி தண்டிலேயே தங்கி, இறுகி, முள்ளாகிவிடும். பெயரை உறுதி செய்தது அந்த முள்தான். கொடியைத் தினமும் பார்ப்பவரை இன்னொரு முறை உற்றுப் பார்க்க வைத்த அந்தக் கடிதத்தை நான் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

மூன்று நிறமும் ஒரே பூவின் வயதுகள். மாலையில் வெள்ளையாக விரிந்து, மறுநாள் வெளிறிய சிவப்பாகி, பிறகு அடர்ந்து போகும். இரவின் வெண்மையும் மணமும் நீண்ட உறிஞ்சுகுழல் கொண்ட அந்துப்பூச்சிகளை அழைக்கின்றன. பகலில் தேனீக்களும் தேன்சிட்டுகளும் வருகின்றன. பெயரில் மல்லி இருந்தாலும் மல்லிகைக்கு உறவில்லை. மருதமரமும் கடுக்காய் மரமும்தான் இதன் குடும்பம். கொடியை அடியோடு வெட்ட வேண்டாம், பூத்து ஓய்ந்ததும் கவாத்து செய்தால் போதும். புதுக்கிளையில்தான் பூக்கும்.

இனிப் படம் அனுப்புகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். பூவை மட்டும் எடுக்காதீர்கள். முழுச்செடி, இலையின் இரு பக்கங்கள், தண்டு, காய் எல்லாம் வேண்டும். இலையைக் கிள்ளினால் பால் வருகிறதா என்றும் எழுதுங்கள். 1967இல் அருள்தந்தை கே.எம். மேத்யூ திருச்சி தூய வளனார் கல்லூரியில் தொடங்கிய ராபினாட் உலர்தாவரக் காப்பகம் போன்ற இடங்களில், தாளில் ஒட்டிய மாதிரிகளில் பூவோடு இலையும் தண்டும் சேர்ந்தே இருப்பது, பூவை மட்டும் வைத்துப் பெயரை உறுதி செய்ய முடியாது என்பதால்தான்.

இன்னொன்று. படம் பார்த்துச் சொன்ன பெயரை நம்பி எதையும் வாயில் வைக்காதீர்கள், மருந்தாகவும் அரைக்காதீர்கள். வேலியோரம் அழகாகப் பூக்கும் பொன்னரளியின் விதை உயிரைப் பறிக்கும். செங்காந்தள் கிழங்கும் அப்படித்தான். குழந்தைகள் இருக்கும் வீடென்றால், பெயர் தெரியாத செடியின் காயை முதலில் அப்புறப்படுத்திவிட்டு எங்களுக்கு எழுதுங்கள்.

இந்த இதழின் கடைசிப் பக்கத்தில் கொடைக்கானலிலிருந்து வந்த ஒரு புதர்ச்செடியின் படங்கள் இருக்கின்றன. ஊதாவாகப் பூத்து வெள்ளையாக மாறுகிறதாம், பால் இல்லை, காய் இன்னும் பிடிக்கவில்லை. உங்கள் வீட்டில் இருந்தால் எழுதுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்