மெரினாவில் காளைச் சிலை வேண்டுமா?



பொங்கல் முடிந்ததும் நம் பழைய மாணவர் குழுவில் ஒரு படம் வந்துவிடும். 2017 ஜனவரியில், இரவு நேரத்தில், மெரினா முழுக்கச் செல்போன் வெளிச்சமாகத் தெரியும் படம். இந்த முறை அதை அனுப்பிய மாணவன் கீழே எழுதியிருந்தான்: "சார், அங்கே பெரிய காளைச் சிலை வைத்து, சுற்றிலும் பூங்கா அமைத்து, ஒளி-ஒலிக் காட்சி நடத்த வேண்டும். நீங்கள் எழுதினால் நாலு பேர் படிப்பார்கள்."

எழுதுகிறேன் தம்பி. ஆனால் நீ கேட்டபடி இல்லை. கோபித்துக்கொள்ளாதே.

அந்த வாரம் நானும் ஒரு நாள் அங்கே போனேன். என் தங்கை மகன் கூட்டத்தில் இருந்தான். அவனைத் திட்டி அழைத்து வரத்தான் கள்ளக்குறிச்சியிலிருந்து பஸ் ஏறினேன். நாற்பது பிள்ளைகளை வரிசையில் நிறுத்த நாற்பது முறை கத்தியவன் நான். அங்கே கண்ணுக்கு எட்டிய வரை கூட்டம். ஆம்புலன்ஸ் வந்தால் தானாக வழி விட்டார்கள். குப்பையைப் பிள்ளைகளே பொறுக்கினார்கள். பெண் பிள்ளைகள் இரவிலும் பயமில்லாமல் உட்கார்ந்திருந்தார்கள். தலைவர் என்று யாரும் இல்லை. ஜல்லிக்கட்டு பற்றி எனக்கே இரண்டு மனம் உண்டு. ஆனாலும் அவனைத் திட்டாமலே ஊர் திரும்பினேன்.

ஜனவரி 17-ல் தொடங்கியது. 21-ல் அவசரச் சட்டம் வந்தது. 23 காலையில் போலீஸ் கூட்டத்தைக் கலைத்தது. அன்று மாலையே சட்டமன்றத்தில் மசோதா நிறைவேறியது. ஓடி வந்த பிள்ளைகளுக்கு அடைக்கலம் கொடுத்தவர்கள் கடற்கரைக் குப்பத்து மக்கள். அன்று நடுக்குப்பம் மீன் சந்தை எரிந்து போனது. இதையும் நாம் மறக்கக் கூடாது.

பிறகு என்ன ஆயிற்று? 2018-ல் விவசாயிகள் சங்கத் தலைவர் அய்யாக்கண்ணு காவிரிக்காக மெரினாவில் 90 நாள் போராட அனுமதி கேட்டார். உயர் நீதிமன்றத்தில் தனி நீதிபதி ஒரே ஒரு நாள் அனுமதித்தார். அரசு மேல்முறையீட்டுக்குப் போனது. அமர்வு அந்த ஒரு நாளையும் நிறுத்தி வைத்தது. 1923-ல் சிங்காரவேலர் மே தினக் கொடி ஏற்றிய கடற்கரை இது. 1959 முதல் உழைப்பாளர் சிலை அங்கே நிற்கிறது. அந்தச் சிலையின் காலடியில் நாலு உழைப்பாளிகள் கோரிக்கை அட்டையோடு உட்கார்ந்தால் வேனில் ஏற்றிவிடுவார்கள். இதற்குப் பக்கத்தில் இன்னொரு சிலை எதற்கு?

எகிப்து நாட்டின் கெய்ரோவில் தஹ்ரீர் சதுக்கம் என்று ஓர் இடம். 2011-ல் 18 நாள் மக்கள் அங்கே கூடி, முப்பது ஆண்டு ஆண்ட முபாரக்கைப் பதவி விலக வைத்தார்கள். பிறகு வந்த அரசு அந்தச் சதுக்கத்தைப் புதுப்பித்தது. இரண்டாம் ராம்சேஸ் காலத்துக் கல்தூண், ஆட்டுத்தலை கொண்ட நான்கு பழங்காலச் சிலைகள், அழகான விளக்குகள். எல்லாம் இருக்கிறது, கூடிப் போராட மட்டும் வழியில்லை. காளைச் சிலை வந்தால் நமக்கும் அதுதான் நடக்கும். சுற்றிலும் கம்பிவேலி, ஒரு காவலாளி, "புல்வெளியில் அமராதீர்" என்று ஒரு பலகை.

என் யோசனை சிக்கனமானது. கடற்கரையில் ஒரு பகுதியைத் திடலாக ஒதுக்குங்கள். குடிதண்ணீர், பெண்களுக்குக் கழிப்பறை, கொஞ்சம் நிழல், ஆம்புலன்ஸுக்கு ஒரு வழி. யார் பெயரும் இல்லாமல், தேதி மட்டும் பொறித்த ஒரு கல். மீனவர் வலை உலர்த்தும் இடத்தில் கை வைக்க வேண்டாம். போக்குவரத்து நெரிசல் என்பார்கள், நியாயமான கவலைதான். நேரம், ஆள் எண்ணிக்கை, ஒலிபெருக்கி எல்லாவற்றுக்கும் விதி வையுங்கள். விதிப்படி முன்கூட்டித் தெரிவித்தவர்களுக்கு இடம் மறுக்காதீர்கள்.

இதெல்லாம் சென்னை விவகாரம், நமக்கென்ன என்று நினைக்காதீர்கள். நம் கல்வராயன் மலை 1976 வரை ஜாகீர்தார்கள் கையில் இருந்தது. அங்கிருந்து வந்து என்னிடம் படித்த ஒரு மாணவன் இப்போதும் திங்கட்கிழமைகளில் மனுவோடு இறங்கி வருகிறான். வெள்ளிமலையில் பஸ் ஏறி, கச்சிராயபாளையம் வழியாக வர வேண்டும். போன மாதம் அவன் கேட்டான்: "சார், தனித்தனியா மனு கொடுக்க வரிசை இருக்கு. நாங்க ஐம்பது பேர் சேர்ந்து உட்கார்ந்து பேசணும்னா எங்க போறது?"

பதில் சொல்லத் தெரியவில்லை. அந்தக் காலத்தில் ஊருக்கு ஊர் மந்தை இருந்தது. ஒரு புளியமரமும் வெறும் மண்ணும்தான். யார் வேண்டுமானாலும் வந்து உட்காரலாம். 2019-ல் நமக்குத் தனி மாவட்டம் கிடைத்தது. கட்டடங்கள் எழும்புகின்றன. அவற்றோடு அப்படி ஒரு மந்தையையும் கேட்டு வாங்குவோம். அதற்கான மனுவை நானே எழுதித் தருகிறேன். கையெழுத்துப் போட வருகிறவர்கள் பெயரைக் கீழே பதிவிடுங்கள்.

மாற்றுக் கருத்து இருந்தாலும் தாராளமாக எழுதுங்கள். பெஞ்சு மேல் ஏற்ற மாட்டேன்.

அன்புடன்,
உங்கள் தமிழாசிரியர்